லாக் போடாத ஹெல்மெட்

எனக்கு வாசனை தெரியாது. நான் வைத்திருப்பது காப்பிப்பொடிக் கடை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் புதிதாக வருகிறவர்கள் ஜோக் என்று நினைத்துச் சிரிப்பார்கள். பழைய வாடிக்கையாளர்கள் சிரிப்பதில்லை, அவர்களுக்குக் கதை தெரியும்.

பெங்களூர் அல்சூரில், சோமேஸ்வரர் கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கடை. ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த அப்பா ஆரம்பித்தது. பின்பக்கம் கொட்டை வறுக்கும் டிரம், முன்பக்கம் இரண்டு அரைக்கும் மிஷின், நடுவில் நான். கடைக்கு வந்து வாங்குகிறவர்களைவிட நான் கொண்டுபோய்க் கொடுக்கிற இடங்கள் அதிகம். தர்ஷினி என்கிற நின்றபடி சாப்பிடும் சின்ன ஹோட்டல்கள், டீக்கடைகள், கல்யாண சமையல்காரர்கள் எல்லாம் சேர்த்து, காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் இருபது இடம். ஜோகுபாளையா, கேம்பிரிட்ஜ் லேஅவுட், மர்பி டவுன், கொஞ்சம் இந்திரா நகர். ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் பத்துக் கிலோ மூட்டை, முன்கொக்கியில் ஒரு பை. இரண்டு கடைகளுக்கு நடுவே சில இடங்களில் முந்நூறு மீட்டர்கூட இருக்காது.

இப்போது சொல்லுங்கள், இருபது தடவை ஹெல்மெட்டைப் போட்டு இருபது தடவை கழற்றுவது நடக்கிற காரியமா? நான் அப்படித்தான் கேட்பேன். யார் ஹெல்மெட் பேச்சை எடுத்தாலும் இதைச் சொல்லி வாயை அடைத்துவிடுவேன். அப்புறம் இன்னும் நாலு பாயிண்ட் வைத்திருந்தேன். நான் போவது இருபத்தைந்து முப்பது கிலோமீட்டர் வேகம். விழுந்தால் உடைவது என் தலை, வேறு யாருக்கும் நஷ்டமில்லை. சிகரெட் குடிக்கிறவனை அரசாங்கம் தடுக்கிறதா? ரோட்டில் குழியை மூடாதவர்கள், ஹம்ப்புக்கு, அதாவது வேகத்தடைக்கு, வெள்ளைக் கோடு போடாதவர்கள், என் தலைக்கு மட்டும் 500 ரூபாய் ஃபைன் போடுவது என்ன நியாயம்?

கடைசியாகச் சொன்னது இன்றைக்கும் நியாயமான கேள்விதான். அதை நான் வாபஸ் வாங்கவில்லை.

போலீஸுக்காக ஒன்று வைத்திருந்தேன். நடைபாதையில் 180 ரூபாய்க்கு வாங்கிய சட்டி ஹெல்மெட். காதுக்கு மேலேயே நின்றுவிடும், பார்த்தால் கவிழ்த்த தேங்காய்மூடி மாதிரி இருக்கும். ட்ரினிட்டி சர்க்கிள் பக்கம் போனால் தலையில், உள்தெருவில் போனால் வண்டிக் கண்ணாடியில் தொங்கும். தாடைக்குக் கீழே வாரை மாட்டி லாக் போட்டதே இல்லை. போட்டால் கழற்ற இன்னும் இரண்டு விநாடி ஆகுமே!

2021 டிசம்பர், ஒரு சனிக்கிழமை. ஆறரை மணி இருக்கும், நல்ல பனி. அன்றைக்கு சட்டி தலையில்தான் இருந்தது, குளிருக்காக. ஜோகுபாளையாவில் நான் ஆயிரம் தடவை போன தெரு. அதில் ஒரு ஹம்ப் முளைத்திருந்தது. முந்தின நாள் காலை அது அங்கே இல்லை. பெயிண்ட் இல்லை, போர்டு இல்லை, கறுப்பு ரோட்டில் கறுப்பு மேடு. முன்சக்கரம் ஏறிய உடனே மூட்டை என் முழங்காலில் இடித்தது, ஹேண்டில் திரும்பியது, நான் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தேன். இவ்வளவுதான் எனக்கு ஞாபகம். மீதியைப் பார்த்தது கோயில் வாசலுக்குக் கூடையோடு போய்க்கொண்டிருந்த பூக்கார அம்மா. அவர் சொன்னது: "உன் தொப்பி முதல்ல போச்சுப்பா. உருண்டு போய் சாக்கடை மோரியில விழுந்துச்சு. அப்புறம்தான் உன் தலை கல்லுல பட்டுச்சு."

நடைபாதையின் விளிம்புக் கல்லில் பின்மண்டை. ஒரு நிமிஷம் நினைவில்லை என்றார்கள். நானாக எழுந்து உட்கார்ந்தேன், டீ குடித்தேன், சிந்தின பொடிக்காக வருத்தப்பட்டேன். பின்மண்டையில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம், ரத்தம் கொஞ்சம். வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். இங்கேதான் நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம். நினைவு ஒரு நொடி தப்பினாலும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். மதியம் இரண்டு தடவை வாந்தி, தலைவலி ஏறிக்கொண்டே போனது, பேச்சு கொஞ்சம் குழறியது. மனைவிதான் என்னைக் கேட்காமல் ஆட்டோ பிடித்தாள். சி.டி. ஸ்கேனில் சின்ன ரத்தக் கசிவு. ஆபரேஷன் வேண்டாம், ஆனால் நான்கு நாள் கண்காணிப்பு என்றார்கள். தலையில் அடிபட்ட பிறகு வாந்தி, தூக்கக் கலக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல், வலிப்பு, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி ஒழுகுவது, இதில் எது வந்தாலும் ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது என்று அங்கே இருந்த டாக்டர் சொன்னார். நான் காத்திருந்தது ஐந்து மணி நேரம். தப்பித்தது என் சாமர்த்தியம் இல்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மனைவி காப்பி கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏன் வெந்நீர்ல சர்க்கரை போட்டுக் கொடுக்கிற?" என்று கேட்டேன். அவள் டம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பெருங்காய டப்பாவை எடுத்துவந்து மூக்குக்குக் கீழே நீட்டினாள். ஒன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில் வாசனை போனது என்றாலே கொரோனாதான். முதலில் அந்த டெஸ்ட் எடுத்தார்கள், நெகட்டிவ். அப்புறம் மூக்கு டாக்டரிடம் போனோம். என் தொழிலைக் கேட்டுவிட்டு அவர் விளக்கிய விதம் மறக்காது. "உங்க காப்பி ஃபில்டர்ல, மேல் பாத்திரத்துக்கு அடியில ஓட்டை ஓட்டையா இருக்கும் இல்லையா? மூக்குக்கு மேல அதே மாதிரி ஒரு எலும்பு இருக்கு. வாசனை நரம்பு நூல் நூலா அந்த ஓட்டை வழியா மேல போய் மூளையில சேருது. பின்மண்டையில அடி விழும்போது மூளை ஒரு குலுங்கு குலுங்குது. நூல் அறுந்துடுது." பெரிய அடியாக இருக்க வேண்டியதில்லை, லேசான அடியிலும் இது நடக்கும் என்றார். சிலருக்கு முதல் வருஷத்தில் கொஞ்சம் திரும்பி வருமாம். கிராம்பு, எலுமிச்சை என்று நான்கு வாசனைகளைத் தினமும் காலையிலும் மாலையிலும் முகர்ந்து பயிற்சி செய்யச் சொன்னார். ஒரு வருஷத்துக்கு மேல் செய்தேன். வரவில்லை.

இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு எல்லாம் நாக்குக்குத் தெரிகிறது. ஆனால் என் காப்பி எனக்குக் கசப்புத் தண்ணீர். வறுக்கும்போது கொட்டை வெடிக்கிற சத்தம் கேட்கிறது, நிறமும் தெரிகிறது, எந்த நொடியில் இறக்க வேண்டும் என்பது மட்டும் மூக்குக்குத்தான் தெரியும். பால் கெட்டதா என்று மகளைக் கேட்கிறேன். வீட்டில் தனியாக இருக்கும்போது கேஸ் அடுப்புப் பக்கமே போவதில்லை. என் சட்டை நாறுகிறதா என்று தெரியாமல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை குளிக்கிறேன். சுதந்திரம் சுதந்திரம் என்று பேசினேனே, இப்போது நான் தனியாக ஒரு பால் பாக்கெட் வாங்க முடியாத ஆள்.

படுத்திருந்த நாட்களில் அக்கா மகள் பார்க்க வருவாள். சட்டம் படிக்கிற பெண், என் வாதங்களைப் பல வருஷமாகக் கேட்டுச் சலித்தவள். "மாமா, நீங்க சொல்றதை 1988லயே சுப்ரீம் கோர்ட்ல ஒருத்தர் சொல்லிட்டார்" என்று ஆரம்பித்தாள். ஆந்திரப் பிரதேசத்தில் அப்போது இருந்த ஹெல்மெட் விதியை எதிர்த்து வழக்கு. அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு தருகிற நடமாடும் சுதந்திரத்தை இது பறிக்கிறது என்பது வாதம். ஹெல்மெட் போடச் சொல்வது நடமாட்டத்தைத் தடுப்பதாகாது, போகிறவனின் உயிரைக் காக்கத்தான் என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. அதே வருஷம் வந்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு இதை நாடு முழுவதற்கும் சொல்கிறது.

"அமெரிக்காவில் விட்டுட்டாங்களே?" என்றேன். என் மச்சினன் சிகாகோவில் இருக்கிறான். அங்கே ஹெல்மெட் கட்டாயமில்லை, காற்றில் முடி பறக்கப் போகிற போட்டோ அனுப்புவான். உண்மைதான் என்றாள் அவள். சிகாகோ இருக்கிற இல்லினாய், அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் மூன்று மாநிலங்களிலும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஹெல்மெட் சட்டமே இல்லை. ஆனால் அதே நாட்டில் மாசசூசெட்ஸ் வழக்கு ஒன்று இருக்கிறது, 1972. என் தலை, எனக்கு மட்டும்தான் நஷ்டம் என்றவருக்கு நீதிபதிகள் சொன்ன பதில் ஏறக்குறைய இப்படி: நீ விழுந்த நொடியிலிருந்து உன்னை ரோட்டிலிருந்து தூக்குவது சமூகம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது சமூகம், டாக்டரைத் தருவது சமூகம். உனக்கு வேலை போனால் அதற்கு ஏற்பாடு செய்வதும், நிரந்தரமாக முடங்கினால் உன்னையும் குடும்பத்தையும் தாங்குவதும் சமூகம். அப்புறம் உன்னை மட்டும் பாதிக்கும் விஷயம் என்று எப்படிச் சொல்கிறாய்?

சமூகம் என்பது எனக்கு அதுவரை மேடைப் பேச்சு வார்த்தை. என் விஷயத்தில் அதற்கு ஆட்கள் இருந்தார்கள். கூடையை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்த பூக்கார அம்மா, அன்றைக்கு அவருக்குக் காலை வியாபாரம் போச்சு. மீட்டர் போடாமல், காசும் வாங்காமல் வந்த ஆட்டோக்காரர். பில்லுக்குப் பணம் புரட்டிக் கொடுத்த அக்கா. ஆறு வாரம் கடை, வீடு, என் மாத்திரை மூன்றையும் பார்த்த மனைவி. பரீட்சை நேரத்தில் பொடி பொட்டலம் கட்டிய மகள். யாருக்கும் நஷ்டமில்லை என்று நான் சொன்னபோது இத்தனை பேரையும் கணக்கில் சேர்க்கவில்லை.

சுதந்திர வாதம் முழுக்கப் பொய் என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். அல்சூர் ஏரிப் பக்கம், கென்சிங்டன் ரோட்டில் குருத்வாரா இருக்கிறது. அங்கே போய்வருகிற சீக்கியப் பெரியவர் ஒருவர் என்னிடம் பீபெர்ரி வகைக் காப்பிப்பொடி வாங்குவார். தலைப்பாகை கட்டிய சீக்கியர்களுக்கு 129ஆவது பிரிவே விலக்கு கொடுத்திருக்கிறது. பிரிட்டனிலும் 1976இல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். அவர் தலையில் இருப்பது அவருடைய நம்பிக்கை, அதற்காக ஆபத்தைத் தெரிந்தே ஏற்கிறார். அதற்கு ஒரு மரியாதை உண்டு. என் தலையில் எந்த நம்பிக்கையும் இல்லை. இரண்டு விநாடி சோம்பேறித்தனம்தான் இருந்தது. நான் அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்திருந்தேன்.

சரி, வாங்கின கதைக்கு வருகிறேன்.

ஜே.சி. ரோட்டில் ஒரு கடைக்காரர், என் கதையைக் கேட்டுவிட்டு, கிழிந்துபோன பழைய ஹெல்மெட் ஒன்றின் உள் துணியைப் பிரித்துக் காட்டினார். வெளியே கெட்டி ஓடு. உள்ளே விரல் கனத்துக்கு மேல் தெர்மாகோல். டிவி பெட்டியில் வருகிற அதே சரக்கு, அதைவிட அடர்த்தியானது. ஓடுதான் தலையைக் காப்பாற்றுகிறது என்று நினைத்திருந்தேன். ஓடு அடியைப் பரப்புகிறது, உராய்வைத் தாங்குகிறது. அடியின் வேகத்தை வாங்கிக்கொண்டு நசுங்குவது தெர்மாகோல். தலை ஒரே நொடியில் நிற்காமல் கொஞ்சம் மெதுவாக நிற்கிறது, அதனால் உள்ளே மூளை குலுங்குவது குறைகிறது. ஒருமுறை நசுங்கிய தெர்மாகோல் மறுபடி எழாது. அதனால்தான் ஒரு பெரிய அடி வாங்கிய ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், தூக்கிப்போட வேண்டியது. நண்பனுக்குக் கொடுப்பதும் தப்பு. அப்புறம் என் சட்டியைப் போலவே ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்ளே ஒரு ஸ்பாஞ்ச் துண்டு. அவ்வளவுதான். பாத்திரம் துலக்கலாம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை மட்டும் பார்த்தால் போதாது, அதை ஸ்டிக்கராக அடித்து ஒட்டுகிறார்கள். ஹெல்மெட் தரத்துக்கான ஐ.எஸ். 4151 என்ற எண்ணும், சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்க வேண்டும். முத்திரை கொடுக்கிற அரசு அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் என்ற ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று காட்டும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். 2021 ஜூன் 1 முதல் இந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே சட்டப்படி தப்பு. நடைபாதையில் இன்றும் கிடைக்கிறது என்பது வேறு விஷயம்.

சைஸ் எல்லோரும் ஏமாறுகிற இடம். தையல்காரரின் டேப்பைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்துத் தலையைச் சுற்றி அளக்க வேண்டும். எனக்கு 58 சென்டிமீட்டர், நான் எப்போதும் கேட்டு வாங்கியது லார்ஜ், காரணம் அது லூஸாகச் சுகமாக இருந்தது. புது ஹெல்மெட் கன்னத்தைப் பிடிக்க வேண்டும், நெற்றியில் குத்தக் கூடாது. போட்டுக்கொண்டு தலையை இடம் வலம் ஆட்டினால் ஹெல்மெட்டும் கூடவே வர வேண்டும். லாக் போட்டு, பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் உருட்டிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் ஹெல்மெட் இல்லை. தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் போகலாம், மூன்று போனால் இறுக்க வேண்டும். மொத்தத்தில் எனக்கு 1,400 ரூபாய் ஆனது. முகத்துப் பக்கம் மேலே தூக்கிவிடுகிற வகை வாங்கினேன், என் தொழிலுக்கு அதுதான் சரி.

வியர்வைக்குப் பருத்திக் குல்லா உள்ளே போடுகிறேன். உள்துணியைக் கழற்றி மாதம் ஒருமுறை துவைக்கிறேன். ஹெல்மெட் நாறுகிறதா என்று தெரியாதவன் நாள் பார்த்துத்தான் துவைக்க முடியும். மழையில் ஹெல்மெட் கண்ணாடியைப் பனி மூடினால் ஒரு பொட்டு திறந்து வைத்தால் போகும். கறுப்புக் கண்ணாடி ராத்திரிக்கு ஆகாது. வண்டிக் கண்ணாடியில் தொங்கவிட்டால் உள்ளே தெர்மாகோலில் குழி விழும். ஹாரன் கேட்காது என்ற பயம் எனக்கும் இருந்தது. போட்டு ஓட்டிய முதல் வாரமே போய்விட்டது, பெங்களூர் ஹாரன் எதையும் துளைத்துக்கொண்டு வரும். அமெரிக்காவில் 1981இல் வந்த பெரிய மோட்டார் சைக்கிள் விபத்து ஆய்விலும், ஹெல்மெட் போட்டதால் முக்கியமான சத்தமோ காட்சியோ தப்பியதாகக் காணவில்லை.

இருபது தடவை கழற்றுவது? அதற்குத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேப்பரில் கடைகளை வரிசைப்படுத்தினேன். தினமும் அரைக் கிலோ வாங்குகிறவர்களிடம் வாரத்துக்கு இரண்டு தடவையாக மொத்தமாக வாங்கிக்கொள்ளச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் சரி என்றார்கள். இருபது இடம் எட்டாகக் குறைந்தது. அந்த எட்டிலும் முகத்துப் பக்கத்தை மேலே தூக்கிவிட்டு, ஹெல்மெட்டோடே பொட்டலத்தை நீட்டிப் பணம் வாங்கிக்கொண்டு கிளம்புகிறேன். கழற்றவே தேவையில்லை. பன்னிரண்டு வருஷம் நான் ஹெல்மெட்டைத் திட்டியது என் ரூட் சரியில்லாததற்காக. டெலிவரி வேலை செய்யும் பையன்கள் யாராவது படித்தால், முதலில் இதைப் பாருங்கள்.

2023 பிப்ரவரியில், பழைய டிராஃபிக் ஃபைன்களைப் பாதி கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று கர்நாடகத்தில் அறிவித்தார்கள். ஊரே வரிசையில் நின்றது. என் வண்டி நம்பரைப் போட்டால் ஏழு கேஸ், எல்லாம் ஹெல்மெட். 3,500க்கு 1,750 கட்டினேன். மத்திய சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆயிரம் ரூபாயும் மூன்று மாதம் லைசென்ஸ் ரத்தும் இருக்கிறது, இங்கே ஐந்நூறாகக் குறைத்துவைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கேஸுக்கும் போட்டோ உண்டு. கடைசிப் போட்டோ விழுந்ததற்கு மூன்று நாள் முன்பு எடுத்தது. கண்ணாடியில் சட்டி தொங்க, பின்மண்டை பளிச்சென்று தெரிய, எதையோ முகர்வது மாதிரி முகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறேன். அப்போது எந்த ஹோட்டலைத் தாண்டினேனோ.

ஏழு ஃபைனும் எனக்குச் சட்டி வாங்கத்தான் சொல்லிக்கொடுத்தன. எட்டாவது வந்திருந்தாலும் லாக் போட்டிருக்கமாட்டேன். போலீஸ்காரர் தூரத்திலிருந்து பார்க்கக்கூடியது தலையில் ஏதோ இருக்கிறதா என்பதை மட்டும்தான். தாடைக்குக் கீழே நடப்பது நமக்கும் நம் சோம்பேறித்தனத்துக்கும் நடுவே உள்ள விவகாரம்.

பின்னால் உட்காருகிறவர்கள் கதை தனி. கர்நாடகத்தில் 2016 ஜனவரியிலேயே பின்சீட்டுக்கும் கட்டாயமாக்கினார்கள். அப்போது நான் சிரித்தேன். பின்னால் உட்காருகிற மனைவிக்கு, ஹேண்டிலைப் பிடிக்காதவளுக்கு எதற்கு? இப்போது தலைகீழாகத் தோன்றுகிறது. நான் ஹம்ப்பைப் பார்க்கவில்லை என்றால் விழுவது என் முடிவின் பலன், அவள் விழுவது யாருடைய முடிவின் பலன்? மத்திய அரசின் 2022 சாலை விபத்து அறிக்கையில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். ஹெல்மெட் போட்டிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்றில்லை. உலகம் முழுக்க வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2008 கணக்கின்படி தலைக்காயம் 69 சதவீதம், சாவு 42 சதவீதம் குறைகிறது. நூற்றுக்கு நூறு யாரும் சொல்லவில்லை. குழந்தைகள் விஷயத்தில் வாதமே கிடையாது. நான்கு வயதுக்கு மேல் ஹெல்மெட் கட்டாயம். அதற்குக் கீழே இருந்தால், ஒன்பது மாதம் ஆன குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் வேண்டும், நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்பது 2022இல் வந்த விதி. ஸ்கூல் வாசலில் நின்று பாருங்கள், அப்பா தலையில் ஹெல்மெட், பிள்ளை தலையில் ஸ்கூல் பேட்ஜ் குத்திய ரிப்பன்.

மனைவியைச் சம்மதிக்க வைப்பது என்னைத் திருத்துவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது, மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். கழுத்தில் படிகிற மாதிரி தழையப் பின்னல் போட்டால் உட்காரும், இதைக் கண்டுபிடித்தது மகள். பூதான் பிரச்சினை. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மல்லிகை வைக்காமல் அவள் போனதில்லை. ஹெல்மெட்டுக்குள் மல்லிகை இரண்டு நிமிஷத்தில் துவையல். "நீங்க அடிபட்டீங்க, நான் ஏன் பூ வைக்கக் கூடாது?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால் அது என்னுடையதைவிட நல்ல சுதந்திர வாதம். அவளுக்கு அதில் ஒரு பிரியம் இருக்கிறது, எனக்கு எரிச்சல் மட்டும்தான் இருந்தது. சண்டை ஒரு மாதம் நடந்தது. நான் ஜெயிக்கவில்லை, அவளும் தோற்கவில்லை. எவர்சில்வர் டிபன் டப்பாவில் ஈரத்துணி போட்டு அதில் பூவை வைத்து, டப்பாவை ஸ்கூட்டர் முன்கொக்கியில் மாட்டிக்கொள்கிறோம்.

கடையில் இப்போது தர்மபுரிப் பக்கத்துப் பையன் ஒருவன் டெலிவரிக்கு இருக்கிறான், பத்தொன்பது வயது. முதல் நாள் ஹெல்மெட்டை நீட்டினேன். "அண்ணா, பக்கத்துத் தெருதானே அண்ணா. என் தலைக்கு நான் பொறுப்பு." என் வசனம், ஒரு எழுத்து மாறாமல். அறிவுரை சொல்லவில்லை. ஒரு பொட்டலத்தைப் பிரித்து, "இது புதுசா பழசான்னு முகர்ந்து சொல்லு" என்றேன். முகர்ந்தான், "புதுசுண்ணா" என்றான். "நான் சொல்ல முடியாதுடா" என்றேன். போட்டுக்கொண்டு போனான். லாக் சத்தம் கேட்கவில்லை, கூப்பிட்டு நிறுத்தினேன். இன்றும் வாரத்துக்கு இரண்டு தடவையாவது கூப்பிட்டு நிறுத்த வேண்டியிருக்கிறது.

காலையில் டிரம்முக்குப் பக்கத்தில் மனைவி நிற்கிறாள். அப்பா என் தோளைப் பிடித்து நிற்கவைத்துக் கற்றுக்கொடுத்த இடம் அது. நான் நெருப்பைப் பார்த்துக்கொள்கிறேன், அவள் மூக்கைச் சுளித்தபடி காத்திருந்து, "இறக்குங்க" என்கிறாள். அவள் வந்த பிறகு வறுவல் முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று இரண்டு ஹோட்டல்காரர்கள் சொன்னார்கள். நான் ருசி பார்த்து ஆமோதிக்க முடியாது.

போன வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, டப்பாவைத் திறந்து, பின்னலில் பூவைச் செருகிக்கொண்டாள். வழக்கம்போலத் திரும்பி, "நல்ல பூவா கொடுத்திருக்காங்களா, மணக்குதா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பூக்கார அம்மா தூரத்திலிருந்தே, "மணக்கும், மணக்கும், காலையில பறிச்சது" என்றார்.